பூட்டிய வீடும் திறந்த குழாயும்

(ஹஜ் பயணிகளுக்கான வழிகாட்டி முகாமில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





காலையிலிருந்து ஹஜ்ரத் அவர்கள் இஹ்ராமைப் பற்றியும் தவாஃபைப் பற்றியும் விளக்கினார்கள். டாக்டர் தடுப்பூசியைப் பற்றியும் சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நமக்கு ஒதுக்கியிருக்கும் விஷயம் குழாய். நோட்டீசில் ‘வீட்டுப் பாதுகாப்பு’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கள்ளன் வராமல் இருக்க கேமரா வைப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம் என்று பலர் நினைத்திருப்பீர்கள். இந்த அறக்கட்டளையில் நாம் பார்த்த வரையில், ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ போன வீடுகளில் கள்ளன் புகுந்ததை விடத் தண்ணீர் புகுந்ததே அதிகம்.

நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் தண்ணீரையே வெள்ளம் என்றுதான் சொல்லுவார்கள். “கொஞ்சம் வெள்ளம் தாருங்கோ” என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் பயந்து போவார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பொறுத்தவரை நம்மவர்கள் சொல்வதுதான் சரி. அங்கே தண்ணீருக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். பெயரும் தெருவும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு காக்காவும் அவர் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போனார்கள். மிகவும் பேணுதலான மனிதர். கடன்களை அடைத்தார், வஸிய்யத் எழுதி வைத்தார், வீடு வீடாக ஏறி இறங்கி, தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அடுத்த வீட்டில் கணவரை இழந்த ஒரு சகோதரி தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிறார். அவரிடமும் போய்க் கேட்டுவிட்டுத்தான் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை மேலப்பாளையத்தில் கட்டிக் கொடுத்த மகளிடம் கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் மினாவில் இருந்த நாட்களில், மாடிக் கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட்டின் குழாய் வெடித்துவிட்டது. கழுவுவதற்காகச் சுவரில் தொங்குமே, அந்த வளையும் குழாய்தான். அது வெடித்தால் தொட்டியில் இருக்கும் 1000 லிட்டரோடு நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. அந்த வீட்டில் தொட்டி குறைந்தால் தானாக ஓடி நிரப்பும் மோட்டார். தொட்டி காலியாகும், மோட்டார் ஓடும், நிரம்பும், மறுபடியும் வடியும். போர்வெல்லில் தண்ணீர் இருக்கும் மட்டும் இது நிற்காது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முதல் நாள் சுவர் ஈரமாக இருந்ததைப் பார்த்து அந்தச் சகோதரி மழையென்று நினைத்தார். மழைக்காலம்தானே. மூன்றாம் நாள் அவருடைய சுவிட்ச் போர்டில் இருந்து தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் ஜமாஅத்துக்குச் சொல்லி அனுப்பினார். நாமும் போனோம். வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. யாரும் பூட்டைத் தொடவில்லை.

ஏன் தொடவில்லை என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். உள்ளே நகை இருக்கலாம், பணம் இருக்கலாம். இன்று உதவிக்கென்று உடைத்தவன் மேல் நாளைக்கு ஒரு மோதிரம் குறைந்தால்கூடப் பழி வரும். ஹாஜியாரின் இந்திய நம்பர் வேலை செய்யவில்லை. அங்கே வாங்கிய சவூதி நம்பர் மகளிடம் மட்டும்தான் இருந்தது. மகளுக்குச் செய்தி போய், அவர் பஸ் பிடித்து வருவதற்குள் மாலையாகிவிட்டது. நல்லவேளையாக ஒரு வயர்மேன் தம்பி மீட்டர் பெட்டியில் ப்யூசைப் பிடுங்கி விட்டதால் மோட்டாராவது நின்றது.

கதவைத் திறந்தபோது கட்டில் மெத்தை, மர அலமாரி, அதன் கீழ்த்தட்டில் வைத்திருந்த பத்திரங்கள் எல்லாம் ஊறிப் போயிருந்தன. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாதுகாத்து வந்த அரபுத்தமிழ்க் கிதாபுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரிக்கப் பார்த்தால் மை கையோடு வருகிறது. கோட்டாறு, தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து தரையிலிருந்து எடுத்து மேல்தட்டில் வையுங்கள். மெத்தையைத் திரும்ப வாங்கலாம், அதை வாங்க முடியாது.

ஆனால் நம் மனதை உறுத்தியது அடுத்த வீடு. அந்தச் சகோதரிக்கு இரண்டு நாள் மின்சாரம் இல்லை, மெஷின் ஓடவில்லை. பெருநாளுக்குத் தைத்து மடக்கி வைத்திருந்த பிறருடைய துணிகளில் சுவர்ச் சாயம் இறங்கிவிட்டது. சொட்டிய அந்த சுவிட்சை அவர் ஈரக் கையோடு தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஹாஜியார் திரும்பி வந்ததும் முதலில் ஏறியது அந்த வீட்டுப் படிதான். சுவரைப் பூசிக் கொடுத்தார், வயரிங் மாற்றிக் கொடுத்தார், பாழான துணிகளுக்கும் பணம் கொடுத்தார். அவர் தலைகுனிந்து நின்றபோது அந்தச் சகோதரி, “நீங்க அப்பமே பொறுக்கச் சொல்லிட்டுதானே போனிய காக்கா, அதுல இதையும் சேத்துக்கிடுங்கோ” என்றாராம். அவர் பெரிய மனசு. எல்லா அண்டை வீட்டுக்காரரும் அப்படிச் சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த முகாமில் குழாய்க்கும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று நாம் கேட்டு வாங்கினோம்.

ஹஜ் மாதம் சந்திரக் கணக்கு. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. 2024-ல் அரஃபா நாள் ஜூன் 15, 2025-ல் ஜூன் 5. 2026-ல் மே கடைசி வாரத்தில் வருகிறது. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. 2025-ல் அது மே 24-ந் தேதியே தொடங்கிவிட்டது. கேரளத்தில் தொடங்கினால் நமக்கும் தொடங்கியதாகத்தான் அர்த்தம், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். நீங்கள் ஏறக்குறைய 40 நாள் வெளியில் இருப்பீர்கள். அங்கே வெயிலில் குடை பிடிக்கும்போது இங்கே உங்கள் வீட்டுக்கு மேல் மழை பெய்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு வடகிழக்கு மழை. தமிழ்நாட்டில் இரண்டு பருவமும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் நம்முடையது. அது அல்லாஹ்வின் கொடை. ஆனால் பூட்டிய வீட்டுக்கு இரண்டு சோதனை.

மழையை அளந்து பாருங்கள். மட்டுப்பா 1000 சதுர அடி என்றால் 10 சென்டிமீட்டர் மழைக்கு அதன் மேல் விழும் தண்ணீர் 9,000 லிட்டருக்கு மேல். இறங்குகுழாயின் வாய் திறந்திருந்தால் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்குப் போய்விடும். வாயை ஒரே ஒரு பிலா இலை மூடினால் போதும். பிலா இலை அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். கைப்பிடிச் சுவர் நான்கு பக்கமும் அணை கட்டினதுபோல் நிற்க, 9 டன்னுக்கு மேல் பாரம் உங்கள் கூரையில் ஏறி உட்காரும். கான்கிரீட் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் மாடிப்படிக் கதவின் அடியிலும், பழைய விரிசலிலும், ஃபேன் கொக்கி இறக்கிய இடத்திலும் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும். அதே 1000 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏழு லாரிக்கு மேல் ஒரு வீட்டுக் கூரையில் ஒரு நாளில் விழுந்திருக்கிறது. நம் ஊரில் 2021 நவம்பரில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்துவிட்டபோது ஆற்றோரத்து வீடுகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். பாலைவனத்துக்குப் போன பிள்ளைகளுக்கும் விதிவிலக்கு இல்லை. 2024 ஏப்ரல் 16-ல் அமீரகத்தில் பெய்தது அங்கே 75 ஆண்டுகளில் பதிவான மிக அதிக மழை.

ஓட்டு வீட்டுக்காரர்கள் ஒரு ஆளை ஏற்றி, விரிந்த ஓட்டை மாற்றுங்கள், பாத்தியில் கிடக்கும் சருகை வாருங்கள். கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் தென்னையில் முற்றின தேங்காயையும் காய்ந்த மட்டையையும் போவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். ஒரு தேங்காய் விழுந்து ஓடு உடைந்தால், ஆளிருக்கும் வீட்டில் கீழே ஒரு சட்டியை வைத்து அன்றிரவைச் சமாளிக்கலாம். ஆளில்லாத வீட்டில் அந்த ஓட்டை 40 நாளும் திறந்தே கிடக்கும். மட்டுப்பாக்காரர்கள் இறங்குகுழாய் வாயில் கம்பிவலை வையுங்கள். போகும் நாளில் ஒரு தடவை கூட்டினால் போதும் என்று இருக்காதீர்கள், இடையில் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதற்குப் பிறகு வருவோம்.

இப்போது குழாய்.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறோம். பல வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நம் அறக்கட்டளை அலுவலகத்தை நான்கு நாள் பூட்டினோம். அன்று குழாயில் தண்ணீர் இல்லை. கை கழுவப் போனவர் திறந்து பார்த்திருக்கிறார், வரவில்லை, திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த ஆள் யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நாமாகவும் இருக்கலாம். தொட்டியின் கீழ்ப் போட்டிருந்த துணி ஓட்டையை அடைத்துக்கொண்டது. நாம் பெருநாள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்தது. கல்வி உதவி கேட்ட மாணவர்களின் விண்ணப்பக் கட்டு கீழ்த்தட்டில் இருந்தது. அத்தனை வீடுகளுக்கும் மறுபடியும் போய், வருமானச் சான்றிதழை இன்னொரு தடவை எடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. தாலுகா ஆபீசுக்கு இரண்டாம் தடவை நடந்த உம்மாமார்கள் நம்மை என்ன சொன்னார்கள் என்பதை இங்கே சொல்ல முடியாது.

நம் ஊரில் பெரும்பாலான தண்ணீர்ச் சேதம் இப்படி ‘இல்லாத’ தண்ணீரால்தான் வருகிறது. குழாய்த் தண்ணீர் வரும் நாளும் நேரமும் நம் கையில் இல்லை. வறண்ட குழாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கரண்டும் அப்படியே. மோட்டார் சுவிட்சைப் போடுவோம், கரண்ட் இருக்காது, அணைக்க மறந்து பயணம் போய்விடுவோம், பாதி வழியில் கரண்ட் வரும். 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் வந்து மரமும் மின்கம்பமும் சாய்ந்து, நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். திரும்ப வந்த அன்று ஊரெல்லாம் எத்தனை தொட்டிகள் நிரம்பி வழிந்தன! ஆளிருந்த வீடுகளில் ஓடிப்போய் அணைத்தார்கள். எனவே மோட்டாருக்கு சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குரிய எம்.சி.பி.யையே கீழே இறக்கிவிடுங்கள். தானியங்கி வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்புக் கட்டாயம்.

வால்வுக்கு வாருங்கள். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில் வால்வு இருக்கும். சில வீட்டில் ஒன்று, சில வீட்டில் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. உங்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று இங்கே கேட்டால் ஆண்களில் பாதிப்பேர் கையைத் தூக்க மாட்டீர்கள். வீட்டில் பெண்களுக்குத்தான் தெரியும், குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றால் மாடிக்கு ஓடுவது அவர்கள்தானே. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் அந்த வால்வை மூடிப் பாருங்கள். புறப்படும் அன்று முதல்முறையாகத் தொடாதீர்கள். பித்தளை கேட் வால்வு வருடக்கணக்கில் தொடாமல் கிடந்தால் உப்புப் பிடித்து இறுகியிருக்கும். பலத்தைக் காட்டித் திருகினால் கழுத்து முறியும், அல்லது சுற்றும் ஆனால் மூடாது. அப்படிப்பட்டதை மாற்றிவிடுங்கள். இப்போது வரும் பால் வால்வு கால் வட்டம் திருப்பினால் அடைந்துவிடும். கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

மூடிய பிறகு கீழ்த்தளத்தில் ஒரு குழாயைத் திறந்து, குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். சொட்டு நின்றதும் அந்தக் குழாயை மறக்காமல் மூடுங்கள். நம் அலுவலகக் கதை அதற்குத்தான். ஹீட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அதன் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

வெடிப்பவை எவை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுவருக்குள் புதைந்த குழாய் அவ்வளவு எளிதில் வெடிக்காது. கைகழுவும் தொட்டிக்குக் கீழும், ஃப்ளஷ் டேங்குக்கும், ஹீட்டருக்கும் போகும் வளைகுழாய், வாஷிங் மெஷின் குழாய், ஆர்.ஓ. மெஷினுக்குப் போகும் ஒல்லிக் குழாய், ஹெல்த் ஃபாசெட் குழாய் ஆகியவைதான் வெடிக்கும். குளிர்நாடுகளில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிக் குழாயையே பிளந்துவிடுமாம், அதனால் அங்கே பயணம் போகிறவர்கள் மெயின் வால்வை மூடுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நமக்குப் பனி இல்லை. நமக்கு உப்புத் தண்ணீர். அது நட்டைத் தின்னும், வாஷரைக் கெடுக்கும். ஒவ்வொரு வளைகுழாய்க்கும் அடியில் ஒரு சிறிய ஆங்கிள் வால்வு இருக்கும், அதையும் மூடுங்கள். நட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அந்தக் குழாயை மாற்றுங்கள். ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இஷா தொழுதுவிட்டு எல்லாரும் படுத்த பிறகு, மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து வையுங்கள். பஜ்ருக்கு எழுந்ததும் உளூச் செய்வதற்கு முன்னால் மறுபடி அளந்து பாருங்கள். யாரும் திறக்காமலே இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் டேங்கில் சந்தேகம் இருந்தால் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் கொஞ்சம் ஊற்றி, அழுத்தாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் ஒழுகுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், 40 நாளைக்கு 170 லிட்டர். உளூவில் ஒரு கை அதிகமாகிவிட்டால் வீண்விரயம் என்று கவலைப்படுகிற நாம் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகலாமா என்று போன வருடம் ஒருவர் கேட்டார். இதில் இரண்டு கருத்து உண்டு. நம் கருத்து, வேண்டாம். மழைக்காலத்தில் காற்றும் கூடவே வரும். காலி சின்டெக்ஸ் தொட்டி காற்றுக்கு ஒரு காகிதம் மாதிரி, உருண்டால் குழாயையும் முறித்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு ஓட்டில் விழும். நிரப்பி, வால்வை மூடி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போங்கள். மூடி அவசியம். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வரச் சுமார் 10 நாள் போதும், நீங்கள் போவது 40 நாள். பூச்சட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். கழிப்பறை, குளியலறை ஓட்டைகளில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றாது, கரப்பானும் நாற்றமும் மேலே வராது.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்கின்றன. புயல், வெள்ளத்தோடு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பதும் வழிவதும் அதில் அடங்கும். காப்பீடு எடுக்கலாமா என்பது ஹஜ்ரத் அவர்களிடம் கேட்க வேண்டிய விஷயம், நாம் அதற்குள் போகவில்லை. வீட்டுக் கடனுக்காக ஏற்கனவே எடுத்திருப்பவர்கள், ஒரு மாதத்துக்கு மேல் வீடு பூட்டியிருக்கும் என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு விஷயம் பாக்கி. மேலே சொன்ன ஹாஜியார் வால்வை மூடியிருந்தால் தப்பியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு உடைந்திருந்தால்? அடுத்த வீட்டிலிருந்து தீ வந்திருந்தால்? வாசலில் இருபது பேர் இருந்தும் பூட்டைத் திறக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்பதுதான் அன்று நாம் கண்ணால் கண்ட குறை. நாம் வீட்டைப் பூட்டுகிறோம், யாரிடமும் ஒப்படைப்பதில்லை. நகையைப் பூட்டுகிற அதே மனதோடு வீட்டையும் பூட்டுகிறோம். சாவியை எவ்வளவு தூரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைக்கிறோம்.

எனவே நகையையும் பத்திரத்தையும் பேங்க் லாக்கரிலோ நம்பிக்கையான உறவினரிடமோ வையுங்கள். முடியாவிட்டால் அவற்றை ஓர் அறையில் வைத்துத் தனிப் பூட்டுப் போடுங்கள். தண்ணீர்க் குழாய் இல்லாத அறையாக இருக்கட்டும். மற்ற வீட்டின் சாவியை நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் அமானிதமாகக் கொடுங்கள். கொடுத்தால் மட்டும் போதாது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் வால்வையும் மெயின் சுவிட்சையும் தொட்டுக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், பெரிய மழை பெய்தால் மறுநாள் காலை, அவர் வந்து மட்டுப்பாவையும் உள்ளறைகளையும் பார்க்க வேண்டும். தரையில் தண்ணீர் நின்றால் காலை வைப்பதற்கு முன்னால் வெளியிலிருந்தே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மீட்டர் வீட்டுக்குள் இருந்தால் வயர்மேனைக் கூப்பிட வேண்டுமே தவிர, தண்ணீரில் இறங்கக் கூடாது. இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள், வீட்டைக் காக்கப் போனவர் உயிருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது.

நாம் அச்சடித்திருக்கும் படிவம் இதற்காகத்தான். ஒரே பக்கம். மேல்பாதியில் உங்கள் வீட்டின் வால்வுகள், மோட்டார் எம்.சி.பி., மெயின் சுவிட்ச் எங்கே என்று ஒரு கோட்டுப்படம் வரையுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. கீழ்ப்பாதியில் உங்கள் சவூதி நம்பர் கிடைத்ததும் தெரிவிக்க வேண்டிய மூன்று பேரின் பெயர். கடைசியில், தண்ணீர், மின்சாரம், தீ போன்ற அவசரம் வந்தால் எங்கள் வீட்டைத் திறக்கவும், சாவி கிடைக்காவிட்டால் பூட்டை உடைக்கவும் இன்னாருக்கு அனுமதி தருகிறோம் என்ற இரண்டு வரி. ஜமாஅத்தைச் சேர்ந்த இரண்டு பேர் சாட்சியாகக் கூட இருக்க, உள்ளே போவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருக்கிறோம். உதவிக்கு வருகிறவர் மேல் பழி வராமல் இருக்க வேண்டுமே. இந்த இரண்டு வரியில் கையெழுத்துப் போடத் தயங்கிய பெரியவர்கள் உண்டு. தயக்கம் நமக்குப் புரிகிறது. அவர்களிடம் நாம் அந்தச் சுவிட்ச் போர்டைப் பற்றி மட்டும் சொன்னோம்.

அந்த ஹாஜியார் போன ரபீயுல் அவ்வலில் உம்ராவுக்குப் போனார். சாவி இந்தத் தடவை அடுத்த வீட்டுத் தையல் சகோதரியிடம் இருந்தது. வாரா வாரம் மாடி ஏறிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது தொட்டி மூடியில் கட்டியிருந்த கயிறு பழசாகிவிட்டது என்று துணிக்கரையில் அவரே ஒரு நாடா தைத்துக் கட்டியிருந்தார்.

படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது. நிரப்பி ஒரு பிரதியைச் சாவி வைத்திருப்பவரிடமும், ஒரு பிரதியை உங்கள் ஜமாஅத்திலும் கொடுங்கள். வால்வு இறுகியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் அதே மேஜையில் பெயரையும் தெருவையும் எழுதி வையுங்கள், நம் பிளம்பர் தம்பிகள் இரண்டு பேர் அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வருவார்கள். கூலி கிடையாது, சாமானுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும், அதுவும் முடியாதவர்கள் நம்மிடம் தனியாகச் சொல்லலாம். எழுதத் தெரியாத உம்மாமார்களுக்கு நம் கல்லூரி மாணவிகள் இங்கேயே உட்கார்ந்து எழுதித் தருவார்கள். லுஹருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.